குதிரை இரத்தத்தில் வந்த மருந்து

"எதுக்குங்க சிரிக்கிறீங்க?" என்று என் மனைவி பேச்சியம்மாள் கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. காலைக் கஞ்சியை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தாடை இறுகியிருந்தது. குளிரில் வந்த பல்வலி என்று நினைத்தேன். அவள் கண்ணாடியை எடுத்துவந்து காட்டினாள். உதடுகள் இரு பக்கமும் இழுத்துக்கொண்டு, புருவம் ஏறி, யாரையோ கேலி செய்கிற முகம். அது என் முகம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குச் சொந்த ஊர் பூம்பாறை. பூண்டு வயலை அண்ணனிடம் விட்டுவிட்டு, கொடைக்கானல் ஏரிக்கரையில் சீசனுக்கு வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக்காட்டி வந்தேன். என் மட்டக்குதிரைகளுக்கு நடுவே செவலை மட்டும் உயரம். சென்னையில் பந்தயம் ஓடிய குதிரை. முன்னங்கால் தசைநார் வீங்கியதால், இனி ஓட ஆகாது என்று கழித்துவிட்டார்கள். அதைச் சுட்டுக் கொல்ல மனம் வராமல் அதன் முதலாளி என்னிடம் ஒப்படைத்தார்.

ஓடியே பழகிய குதிரைக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பது லேசில்லை. பக்கத்தில் இன்னொரு குதிரை வந்தால் முந்தப் பார்க்கும். குடை விரிந்தால் மிரளும். ஒரு மழைக்காலம் முழுக்க நானும் பேச்சியும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து நடத்தினோம். அடுத்த சீசனில் அது குழந்தைகளைச் சுமந்து நடந்தது.

அதன் கொட்டிலில்தான் ஒரு லாட ஆணி என் குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன். காயம் ஆறியது. தாடை இறுகியது அதற்கப்புறம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வாயைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. 'ரண ஜன்னி' என்றார் (காயத்தின் வழியே நுழைந்த கிருமியின் நஞ்சு தசைகளை விறைக்க வைக்கும் நோய்).

"மருந்து இருக்கும்மா. சீரம்னு பேரு. குதிரை ரத்தத்துல இருந்து எடுக்குறது. ரேஸ்ல கழிச்சுவிட்ட குதிரைகளைக்கூட அதுக்குன்னு வளர்க்குறாங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் குதிரையோடயே இருக்கிறவர். அதுகிட்டப் போனா தும்மல், மூச்சிரைப்பு ஏதாவது வருமா?"

"செவலையைத் தேய்க்கிறப்ப எல்லாம் கண்ணுல தண்ணியாக் கொட்டும்மா. ராத்திரி நெஞ்சு கீச்சுகீச்சுன்னு கெடக்கும்" என்றாள் பேச்சி.

டாக்டரம்மா என் கையில் ஒரு துளி மருந்தைக் குத்திப் பார்த்தார். அந்த இடம் சிவந்து தடித்தது.

"உடம்புக்கு ஒத்துக்கலை. போட்டா மூச்சு அடைக்கலாம். போடலைன்னா விறைப்பு நெஞ்சுக்கு ஏறும், அப்பவும் மூச்சுதான் போகும். நல்லாத் தண்ணியாக் கலந்து கொஞ்சங் கொஞ்சமா ஏத்திப் பார்க்கலாம். நீங்கதான் சொல்லணும்."

எனக்கு எல்லாம் கேட்டது. வாய் திறக்க முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பேச்சி என் முகத்தைப் பார்க்காமல் என் நெஞ்சின் மேல் கையை வைத்தாள்.

"போடுங்கம்மா. மூச்சு நிக்கிற மாதிரி இருந்தா என் கைக்குத் தெரியும். சொல்றேன்."

இடையில் ஒருமுறை உடம்பெங்கும் தடித்துத் தொண்டை சுருங்கியது. "டாக்டரம்மா!" என்று பேச்சி கத்தினாள். நிறுத்திவிட்டு, மூச்சுக்குழாயைத் திறக்கும் ஊசி ஒன்றைப் போட்டார்கள். பிறகு மறுபடி தொடங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் மருந்து முழுதும் ஏறிவிட்டது.

அதோடு முடியவில்லை. நரம்புகளில் முன்பே பிடித்துக்கொண்ட நஞ்சைச் சீரம் எடுக்காது. ஜன்னலை மூடிய அறையில் கிடத்தி, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். வெளியே ஒரு தட்டு விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளையும். தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் தொடும். வலியைவிட, அடுத்த சத்தம் எப்போது என்று காத்துக் கிடப்பதுதான் கொடுமை.

இந்த நோயாளியின் அருகில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவருக்கு நினைவு தப்பாது. அவரை வைத்துக்கொண்டு, தேற மாட்டார் என்று பேசாதீர்கள்.

ஒருநாள் பேச்சி என் காதருகில் குனிந்தாள். "செவலை கொட்டில் சுவரைப் போட்டு உதைக்குது. கட்டியே போட்டா காலை ஒடிச்சுக்கும்போல. நானே வெள்ளனே பிடிச்சுட்டுப் போறேங்க. பொம்பளை குதிரை பிடிக்கிறாளேன்னு பேசுறவுக பேசட்டும்."

இன்னொரு குதிரை பக்கத்தில் வந்தால் அது பாயுமே, இவளை இழுத்துக்கொண்டு போகுமே. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயில்லை. அவள் திரும்பிவரும் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்டதும் உடம்பு வெட்டி இழுத்தது. ஆனாலும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

மெல்ல இழுப்புகள் குறைந்தன. ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. பிழைத்தேன் என்று நினைத்தபோது காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தன (சீரத்தின் பின்விளைவு). அதுவும் அடங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "இனிமே உங்களுக்கு இந்தச் சீரம் போட முடியாது. தடுப்பூசியை விட்டுடாதீங்க, அதுல குதிரை ரத்தம் கிடையாது. கொட்டிலுக்குள்ள மட்டும் போகாதீங்க."

குதிரைகளை விற்றுவிடலாம் என்றேன்.

"மத்ததை வேணா வித்துக்கங்க. செவலை எங்கிட்ட நடக்குது" என்றாள் பேச்சி. தேய்ப்பது, தீனி வைப்பது, ஏரியைச் சுற்றிக் கூட்டிப்போவது எல்லாம் அவள் வேலை ஆயிற்று. நான் குதிரைக் காற்று என் மேல் வீசாத பக்கமாக நின்று, வருகிறவர்களோடு பேசிச் சவாரி பிடித்துக் கொடுத்தேன்.

சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றும் விழித்தவுடன் எழுந்திருக்க மாட்டேன். தாடையை அசைக்கிறேன். பிறகு கழுத்து, முதுகு, கால். முன்பு இவையெல்லாம் சேர்ந்து ஒரே ஆளாக எழுந்தன. இப்போது ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் செவலைக்குச் சேணம் கட்டிவிட்டுப் பேச்சி நிற்பாள். கூப்பிட மாட்டாள்.