முகாமிலிருந்து வந்த அண்ணாவியார்

மார்த்தாண்டம் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. “நம்ம செபமாலை அண்ணன் காலமாகிவிட்டார்.” பேண்ட் வாத்தியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், எங்கள் பேண்டை நடத்தும் தங்கையன் மாஸ்டர் போட்டிருந்தார். அந்த ‘நம்ம’வைப் படித்ததும் துக்கத்துக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் இருந்த காலத்தில் அந்தச் சொல்லை நாங்கள் ஒருவரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

செபமாலை மன்னார்க்காரர். அங்கே கோயில் முற்றங்களில் நடக்கும் கூத்துகளுக்கு மத்தளம் அடித்தவர், கூத்துப் பழக்கியவர். அப்படிப்பட்டவரை அண்ணாவியார் என்பார்கள். போருக்குத் தப்பி மனைவி, மகளோடு படகேறி வந்து எங்கள் மாவட்டத்து அகதி முகாமில் சேர்ந்தார். சுவருக்கு வண்ணம் பூசப் போனார். நான் டிரம்பெட் வாசித்த பேண்ட் செட்டில் ஆள் குறைந்தபோது தானே வந்து கேட்டார். மாஸ்டர் அவர் கையில் தாளத்தட்டுகளைக் கொடுத்தார்.

“மத்தளமெல்லாம் இங்க வேண்டாம் வே. சொன்ன இடத்துல தட்டினா போரும்.”

ஒரு வருடம் தட்டினார். ஒரு சப்பரப் பவனியில் டிரம் அடிப்பவர் வராமல் போகவே, அதைத் தோளில் மாட்டிக்கொண்டார். கூத்தில் ராசா சபைக்கு வரும்போது அடிக்கும் தாளத்தை அடித்தார். தெருவே நின்று பார்த்தது. அதன்பிறகு எங்களை அழைப்பவர்கள், “சிலோன்காரன் வருவானா?” என்று கேட்டார்கள். பாராட்டும்போதுகூட ‘அவன்’தான்.

பிறகு அந்தக் கல்யாண வீடு. பெண்ணின் வளையல்களைக் காணவில்லை என்று வீட்டுக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

“இதுல முகாம்காரன் ஆரு?”

மாஸ்டர் விரலை நீட்டினார். காலையிலிருந்து அண்ணாவியார் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். “தம்பி, சொல்லும்” என்றார். நான் குனிந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை இரண்டு நாள் காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வளையல்கள் அந்த வீட்டு பீரோவிலேயே, பட்டுச்சேலை மடிப்பில் கிடைத்தன. வீங்கிய மணிக்கட்டோடு அவர் முகாமுக்குத் திரும்பினார். வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. மாஸ்டரோ அடுத்த கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். போனவரிடம் அண்ணாவியார் சொன்னார்:

“செத்தாலும் அவற்ற கூட்டத்தில வாசிக்க மாட்டன் எண்டு சொல்லும்.”

முகாமில் ஐந்து பேரைப் பழக்கித் தனி பேண்ட் தொடங்கினார். அவர்களைக் கூப்பிடக் கூடாது என்று மாஸ்டர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். ஆனாலும் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடலோர ஊர்கள் அவரைத்தான் தேடின.

வருடங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். “அண்ணாவியாரே, அண்ணைக்கு நான் வாய் தொறக்காதது தப்புதான்” என்றேன்.

“தெரிஞ்சுகொண்டுதானே பேசாமல் நிண்டனீர்? தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம். மன்னிக்கிறன் எண்டு பொய் சொல்ல எனக்கு ஏலாது.”

அடக்கத்தன்று மாஸ்டர் எங்கள் பேண்டைச் சீருடையில் அழைத்துப் போயிருந்தார். அண்ணாவியாரின் மகள் நிர்மலா வாசலில் மறித்தாள்.

“மாலையைப் போட்டிட்டுப் போங்கோ. அப்பாவுக்கு அவற்ற ஆக்கள் வாசிப்பினம்.”

“எம்புட்டுத் திமிரு பாத்தியா மக்கா” என்று மாஸ்டர் என் காதில் முணுமுணுத்தார். அவரையும் என் டிரம்பெட்டையும் அங்கேயே விட்டுவிட்டு, ஊர்வலத்தின் கடைசியில் வெறுங்கையோடு நடந்தேன்.

போய்வாருங்கள், அண்ணாவியாரே. நீங்கள் தராத மன்னிப்பை, உங்கள் சாவைச் சாக்கிட்டு நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.