வாய்க்கால் பார்த்த கடைகள்

கட்டடத்துக்குப் படம் போடுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: கட்டடம் எழும்புவதற்கு முன்பே எல்லாரிடமும் திட்டு வாங்கி முடித்துவிடலாம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. அவர்கள் வேலையைச் செய்த பிறகுதான் திட்டு வாங்குகிறார்கள். சுருட்டிய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய தோழர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள், வீடு கட்டும்போது இன்ஜினியரோடு சண்டை போட்ட மச்சான் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சாய்வு மேஜை ஒன்றைப் போட்டு, வாசலில் போர்டும் மாட்டி உட்கார்ந்திருந்தேன். வந்த வேலையெல்லாம் காம்பவுண்டுச் சுவரும் மாட்டுக் கொட்டகையும்தான். அப்போதுதான் வியாபாரிகள் சங்கம் பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்ட முடிவு செய்து என்னைக் கூப்பிட்டது. கீழே கடைகள், முதல் மாடியில் ஆபீசுகள், அதற்கு மேலே குடியிருக்க வீடுகள். ஒரு பக்கம் கடைத்தெரு, மறுபக்கம் வாய்க்கால். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எந்த ஊர் வாய்க்கால்?

ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் அது. நான் பார்த்தபோது மார்க்கெட் மொத்தமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அழுகிய தக்காளி, உடைந்த கூடை, ஆண்களின் அவசரம் எல்லாம் பின்பக்கம்தான். என் யோசனை இதுதான்: பாதிக் கடைகளை வாய்க்கால் பார்த்தாற்போல் திருப்பிவிட வேண்டும். பின்பக்கம் என்றால் கொட்டுவார்கள். தன் கடை வாசல் என்றால் தானே பெருக்குவார்கள். கரையோரம் அகலமாக ஒரு நடைபாதை, உட்காரப் படிக்கட்டு, நிழலுக்குப் புங்கமரம். பாலத்துப் பக்கமிருந்து ஜனங்கள் நேரே இறங்கி வரலாம்.

படத்துக்கு வண்ணமும் தீட்டினேன். வாய்க்காலுக்கு நல்ல நீலம். சங்கத் தலைவர் கலியமூர்த்தி, ஊறுகாய் ஜாடி செய்யும் செராமிக் யூனிட் வைத்திருந்தவர், குரலே ஊதுகுழல்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். கடைசியில் நீலத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டார்: "எல்லாம் நல்லாதான் இருக்குது தம்பி. இது எந்த ஊரு வாய்க்கா?"

எல்லாருக்கும் ரோடு

யாருக்கு எந்தக் கடை என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். ரோட்டுப் பக்கக் கடைகளுக்கு அடிதடி நடக்காத குறை. வாய்க்கால் பக்கத்துக்கு ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நான் புங்கமர நிழலைப் பற்றிப் பேசினேன், காற்றைப் பற்றிப் பேசினேன். வியாபாரிகள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

தலைவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: ஆவணியில் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டியாக வேண்டும். அதற்குள் வாய்க்கால் பக்கக் கடைகளுக்கு ஆள் சேராவிட்டால், அந்தப் பக்கம் முழுக்கச் சுவர் வைத்து மூடி, கோடவுன் ஆக்கிவிடுவார்கள். சுவர் வந்துவிட்டால் வாய்க்கால் என்றென்றைக்கும் குப்பைத்தொட்டிதான், என் கட்டடமும் பெரிய சைஸ் மாட்டுக் கொட்டகைதான். அப்படி நடந்தால் போர்டைக் கழற்றிக்கொண்டு மெட்ராசுக்கு எவனிடமாவது சம்பளத்துக்குப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன். கூட்டம் கலையும்போது கல்யாணப் பத்திரிகைக் கடை வேலாயுதத்தைப் பிடித்துக் கெஞ்சினேன். சாதுவான மனிதர், இளகுவார் என்று நம்பிக்கை. அவர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "வாய்க்காவ பாத்து நான் ஒக்காந்தா, என்னையும் வாய்க்காதான் சார் வந்து பாக்கும்."

சூளைக்குப் போன கட்டடம்

படம் பார்த்துப் புரிந்துகொள்ள எல்லாருக்கும் வராது. அட்டையில் மாதிரி செய்து காட்டுகிறேன் என்றேன். தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "களிமண்ணு ஊருல அட்டையா?" என்று, தன் யூனிட்டிலேயே களிமண்ணில் மாதிரி செய்யச் சொல்லி, ஜாடிகளோடு சூளையில் வைத்துவிட்டார். வெளியே வந்தபோது பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் களிமண் வெந்தால் சுருங்கும். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு, இது தெரியாதவர் யாருமில்லை. தன் கடை என்று வரும்போது மட்டும் அந்த அறிவு எங்கே போகுமோ தெரியாது.

கூட்டத்தில் ஆளுக்கொரு ஸ்கேலோடு வந்து மாதிரியை அளந்தார்கள். எல்லார் கடையும் படத்தில் இருந்ததைவிடச் சின்னது. நான்தான் ஆளுக்கு ஓரடி திருடிவிட்டேன் என்று ஒரே கூச்சல். சூளையில் சுருங்கியது என்று தலைவர் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார். அரிசிக் கடைக்காரர் மட்டும் ஸ்கேலைக் கீழே வைக்காமல் நின்றார்: "சுருங்குனது சரிங்க. பக்கத்துக் கடை மட்டும் ஏன் சுருங்கல?"

ஊர்வலம் போன கக்கூஸ்

கட்டடத்தில் கக்கூஸ் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அது எங்கே என்பதில்தான் எல்லாமே. நான் முதலில் மூலையில் போட்டேன். மூலைக் கடைக்காரர் ஆபீசுக்கே வந்துவிட்டார். நடுவில் நகர்த்தினேன், நடுக்கடைக்காரர் வந்தார். படிக்கட்டுக்குக் கீழே திணித்தேன், படிக்கட்டை ஒட்டிய கடைக்காரர் தன் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரப்பர் தேய்த்துத் தேய்த்து டிரேசிங் பேப்பரில் அந்த இடமெல்லாம் பொத்தலாகிவிட்டது.

வெறுத்துப்போய், யாருக்கும் பக்கத்தில் இல்லாத ஒரே இடம் என்று மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தேன். இனி யார் என்ன சொல்ல முடியும் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. மறுநாள் காலையிலேயே பாத்திரக் கடைக்காரர் படியேறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "மாடியில வச்சிட்டிங்க, சந்தோசம். அது யாரு தலைக்கு நேரா வருது, அத மட்டும் சொல்லுங்க."

மாடி வீடு

மேல்மாடி வீடுகளுக்கு முதலில் வந்தவர் ஒரு ரிட்டையர்டு ரயில்வே கார்டு. முப்பது வருஷத்துக்கு மேல் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் வாழ்ந்தவர். வாய்க்கால் பக்கத்து வீடு அமைதியாக இருக்கும், சத்தமே வராது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முகம் வாடிக்கொண்டே போனது. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஜங்ஷன் சத்தமாவது கேக்குங்களா? கேக்கலன்னா எனக்குத் தூக்கம் வராதே."

பாதியில் எழுந்த பத்திரிகை

ஆடி பாதி தாண்டிவிட்டது. வாய்க்கால் பக்கம் இன்னும் காலி. வேலாயுதத்தை இன்னொரு தரம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனேன். இடிக்கப்போகிற பழைய மார்க்கெட்டில்தான் அவர் கடையும் இருந்தது. கம்மாபுரத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்திருந்தார்கள். ஆவணி முகூர்த்தம். பிள்ளையார் போட்டதா, மயில் போட்டதா என்று விவாதம் முடிந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸை வைத்துக் கொடுக்கப் பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் மேளச் சத்தம்.

ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எங்கள் கடைத்தெருதான் வழி. சவ ஊர்வலம் வந்தால் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கும், கடந்து போனதும் வாசலில் தண்ணீர் தெளித்துத் திறக்கும். வேலாயுதமும் இறக்கினார். இருட்டில், புழுக்கத்தில், மயில் பத்திரிகையோடு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே வேட்டு வெடித்தது. பயணம் கிளம்பும்போது எதிரே சவம் வந்தால் நல்ல சகுனம் என்பவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்குத் தட்டு நீட்டும்போது அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெண்ணின் அத்தை தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எந்திரிங்க அண்ணே, இன்னொரு நாளு வந்துக்கலாம்" என்றார். ஷட்டர் ஏறியதும் போய்விட்டார்கள். அவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்: அத்தைக்கு, வேலாயுதத்துக்கு, எனக்கு.

காற்றுக்காகப் பின்கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் வாய்க்கால். நாற்றம் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் தெருவில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த மேளம் அங்கே கேட்கவே இல்லை. சுடுகாட்டுக்குப் போகிற வழியும் அது இல்லை. ஒரு வருஷமாக அந்தக் கரையை நீலமாகவும் பச்சையாகவும் வரைந்தவன் நான், இது மட்டும் என் கண்ணில் படவில்லை. வேலாயுதம் என் பின்னால் வந்து நின்றார். கையில் மயில் பத்திரிகை அப்படியே இருந்தது. "சாவு எல்லாருக்கும் வரதுதான் சார். என் கடை வாசப்படி வழியாத்தான் வரணுமா?"

மூலைக் கடை

அதற்கப்புறம் நான் காற்றைப் பற்றியோ நிழலைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. வேலாயுதம் வாய்க்கால் பக்கம் முதல் கடைக்குச் சம்மதித்தார். விஷயம் கடைத்தெருவில் பரவ ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. முகூர்த்தப் பட்டு விற்கும் ஜவுளிக்காரர் வந்தார். தாலி செய்கிற ஆசாரி வந்தார். சீர் பாத்திரம் விற்கிற பாத்திரக் கடைக்காரர், கக்கூஸையும் தலையையும் மறந்துவிட்டு, ரோட்டுக் கடையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு வந்தார். ஆடி முடிவதற்குள் ஒரே ஒரு கடைதான் பாக்கி. பாலத்தை ஒட்டிய மூலை, ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் வாய்க்கால். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்கே குழப்பம்.

பூ வியாபாரம் செய்யும் அஞ்சலை அக்கா அதைக் கேட்டு வந்தார். மார்க்கெட் வாசலில் தரையில் உட்கார்ந்து விற்றவர், அதுவரை கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணக் கடைகளின் வரிசையில் பூக்கடை, பொருத்தம்தான் என்று வாய்க்கால் பக்கம் வாசலைப் பென்சிலால் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார்: "ரெண்டு பக்கமும் வாச வைங்க சார். கல்யாணத்துக்கும் நான்தான் மாலை கட்டுறேன், சாவுக்கும் நான்தான் கட்டுறேன்."

ஒரு வார்த்தை

ஒன்றரை வருஷத்தில் கட்டடம் எழும்பியது. சுவர் வரவில்லை. திறந்த தை மாதம் முகூர்த்தம் முகூர்த்தமாக வந்தது, வாய்க்கால் பக்கம் கால் வைக்க இடமில்லை. கடைக்காரர்களே ஆள் போட்டுக் கரையைச் சுத்தம் செய்தார்கள். குப்பை கொட்ட வந்தவனை வேலாயுதம், அந்தச் சாது மனிதர், பாலம் வரை துரத்திக்கொண்டு ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் படிக்கட்டில் பட்டுப் பையும் பாத்திர மூட்டையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். நானும் ஒரு படியில் உட்கார்ந்தேன். மெட்ராஸ் பக்கம் இனிப் போக வேண்டியதில்லை என்ற நினைப்பே நிம்மதியாக இருந்தது.

தலைவர் கலியமூர்த்தி ரோட்டுப் பக்கத்திலேயே நல்ல கடையாகப் பார்த்து ஜாடிக் கடை போட்டிருந்தார். அன்றைக்குக் கடைத்தெருவில் மேளம் கேட்டதால் ஷட்டரை இறக்கிவிட்டு, நடுவில் இருந்த வழியாக இந்தப் பக்கம் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், மரக்கன்றுகளைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "ஏன் தம்பி, வாய்க்கா பக்கம் இவ்ளோ நல்லாருக்கும்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

படம் போடுகிறவன் சொன்னதெல்லாம் படத்தோடு சேர்ந்து சுருண்டு பரண்மேல் போய்விடும் என்பதால், தோழர்களே, கட்டடம் எழும்பிய பிறகு யாராவது இப்படிக் கேட்டால், "தப்புதாங்க, சொல்லியிருக்கணும்" என்று ஒத்துக்கொண்டு அவர் வாங்கித் தருகிற டீயைக் குடித்துவிடுவதே நம் தொழிலுக்கு நல்லது.