எலெக்ட்ரீஷியன் வீட்டு இருட்டு

சாப்பாட்டில் கை வைத்தேன், விளக்கு அணைந்தது. "கைக்கு வாய் எங்க இருக்குன்னு தெரியாதா தம்பி?" என்றார் அண்ணி, சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல்.

ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவர். இடுப்பில் டெஸ்டர், தோளில் வயர்ச் சுருள், உதட்டோரம் எப்போதும் இரண்டு திருகாணி. சொந்த வீட்டில் மட்டும் விளக்கே ஆகாது. எங்கள் பின்பக்க ஜன்னலுக்கு எதிரே காடு. வெளிச்சம் பட்டால் அங்கிருக்கும் ஜீவன்களுக்குத் தொந்தரவாம். நான் தினமும் நாற்காலியில் முட்டியை இடித்துக்கொள்வது தொந்தரவில் சேராது.

அந்தக் காட்டைக் காக்க எங்கள் தெருக்காரர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தலைவர் என் அண்ணன். மரத் திருடர்களை விரட்டுகிறேன் என்று, அண்ணி வெளியூர் வேலைக்குப் போன சமயம் பார்த்து, காட்டோரப் பட்டமரத்தில் பெரிய ஃபோகஸ் லைட் கட்டிவிட்டார். அந்த மரப்பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள் இருப்பது தெரிந்தேதான் கட்டினார். அவற்றுக்கும் பாதுகாப்பாம்!

அண்ணி திரும்பி வந்து பார்த்தபோது, தாய் ஆந்தை இரையோடு எதிர் மரத்தில் உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தைத் தாண்டி வரவில்லை. குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துபோயிருந்தது.

அன்றுதான் அண்ணி திருகாணிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். "ஆந்தைக்கு எதுக்குங்க லைட்டு? பரீட்சைக்கா படிக்குது?"

"எடுத்தா மரத்தையே வெட்டிட்டுப் போயிடுவானுங்க. அப்புறம் பொந்து ஏது, ஆந்தை ஏது?"

அண்ணி திருகாணிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். பதில் இல்லாவிட்டால் அவர் ஏணியை எடுப்பார்.

மறுநாள் சாயங்காலம் எடுத்தார். அதாவது, நான் தூக்கிக்கொண்டு போனேன். லைட்டைக் கழற்றி அண்ணன் கையில் திணித்துவிட்டு, மரத்தடியில் இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்தார்.

"குஞ்சு பறக்குற வரைக்கும் நாமதான் காவல். உட்காருங்க தம்பி."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் லைட்டோடு முனகிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

இருட்டியதும் கொசுக்கள் மொய்த்தன. கன்னத்தில் உட்கார்ந்த ஒன்றை அடிக்கக் கையை ஓங்கினேன். அந்தரத்திலேயே அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதிர் மரக்கிளை காலியாக இருந்தது. தலைக்கு மேலே, பொந்துக்குள், குஞ்சுகள் கூச்சல் போட்டன.

கொசு சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அண்ணி கையை விடவில்லை.