எதிர்ச்சொல் சொல்லாத அக்கா

தஞ்சோங் கிளிங் கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஆறு வருடம் அறை சுத்தம் செய்தேன். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் என்னிடம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்து பேசும் ஆங்கிலம் இல்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவள், வந்து தங்குகிறவர்களை வரவேற்கும் கவுண்டரில் வேலை பார்த்த அக்கா. புக்கிட் காத்தில் ஊர்க்காரி, வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவக் குடும்பம். மதியச் சாப்பாட்டு வேளையில் என் மிளகாய்ச் சம்பல் அவள் தட்டுக்குப் போகும், அவள் வார்த்தை என் நோட்டுக்கு வரும்.

'சஃப்டு' என்றால் மனம் குளிர்ந்துபோவது. 'லோடட்' என்றால் பணக்காரர். 'சாலிட்' என்றால் நம்பலாம், கைவிட மாட்டார்.

"இதுக்கு எதிர்ச்சொல் என்னக்கா?" என்று கேட்பேன். எதிர்ச்சொல் எழுதாவிட்டால் அந்தச் சொல்லைப் படித்த மாதிரியே எனக்கு இருக்காது.

"அதெல்லாம் உனக்கு எதுக்குலா? நல்ல வார்த்த போதும், கஸ்டமர் சந்தோசப்படுவாங்க" என்பாள்.

நான் விடுகிற ஆளா? அறை அறையாக எதிர்ச்சொல் பொறுக்கினேன். படகுக்காரன் சொன்ன நேரத்துக்கு வராத அன்று, ஓட்டலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா அவனை 'ஃபிளேக்கி' என்று திட்டினார். அர்த்தம் கேட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலை வாருகிறவன் என்றார். 'சாலிட்'டுக்கு எதிரே எழுதிக்கொண்டேன். நோட்டு நிறைந்ததும் காட்டி அக்காவை அசத்தலாம் என்று ஆசை.

சென்ற வருடம் கவுண்டரில் ஓர் இடம் காலியானது. வாளி தூக்கியே என் முதுகு போய்விட்டது; அந்த வேலை கிடைக்காவிட்டால் ஓட்டலையே விட வேண்டியதுதான். மனுப் போட்டேன். "உனக்குத்தான்மா" என்று அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

மறுவாரம் குளியல் துண்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு கவுண்டர் பக்கம் வந்தேன். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் என்னைக் கண்ணால் காட்டி, ஆள் எப்படி என்று அவளிடம் கேட்டார். அவள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "லவ்லி கேர்ல். பட் எ பிட் ஃபிளேக்கி." என்றாள். இரண்டு நாள் நான் வேலைக்கே வரவில்லை என்றும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"நீ ரொம்ப சாலிட்டுனு சொல்லிருக்கேன்மா."

நான் வேலைக்கு வராத அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவுக்குத் துணையிருந்தேன். லீவு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பியவளே அவள்தான். மேனேஜர் பின்னால் ஓடிச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஒரு ஆங்கில வார்த்தையும் வாயில் வரவில்லை.

"ஃபிளேக்கின்னா என்னான்னு எனக்குத் தெரியும்கா" என்றேன். "அந்த ரெண்டு நாளு நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு மன்னிப்பாவது கேட்பாள் என்று நின்றேன். அவள் முகம் கறுத்தது.

"அந்த வார்த்தைய உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.