பெட்டிக்குள் சிவப்புக் கோடு

மோட்டாரைத் திறக்கத் தெரிந்தவனுக்கு, அதை எங்கே வைத்துத் திறக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நாகர்கோவிலுக்குக் கிழக்கே, காற்றாலைகள் சுற்றும் பக்கத்தில் ஓர் ஆய்வு மையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். மின் வாகனங்களை இந்த மாவட்டத்து உப்புக் காற்றுக்கும் மேடு பள்ளத்துக்கும் பழக்குவது எங்கள் பிழைப்பு. ஒரு சோதனைக்காக, மீன் விற்கும் பெண்கள் நாலு பேருக்குப் பின்னால் பெட்டி வைத்த மின் ஸ்கூட்டர் கொடுத்தோம். ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் வண்டி அவர்களுக்கே சொந்தம். ஓட்டுகிறவர் தவறால் பழுதானால் வண்டி திரும்பி வந்துவிடும். பெட்டியில் இருபது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது.

அவர்களில் ஒருவர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருந்த ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். விடியக்காலை குளச்சல் ஏலத்தில் மீன் எடுத்து, புதுக்கடை வரைக்கும் வீடு வீடாக விற்பார். மூட்டு வலி வேறு. பேருந்தில் ஏறினால் மீன் வாடை என்று முகம் சுளிப்பார்கள். வண்டி கிடைத்த முதல் வாரத்தில், "இனி நான் எவன் மொகத்தையும் பாத்து நிக்கண்டாம் சாரே" என்றார்.

ஐந்தாம் மாதம், மோட்டார் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கும் கருவியைப் பொருத்தப் போனேன். அந்த ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்துக்குள்ளேதான் மோட்டார். அதன் உள்சுற்று முழுக்கக் காந்தக் கட்டிகள். மையத்துக்குக் கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டும். அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு, அவர் வீட்டு முற்றத்திலேயே ஒரு சாக்கை விரித்துச் சக்கரத்தைக் கழற்றினேன்.

"சாரே, இஞ்ச வச்சுத் தொறக்காதீங்க. நம்ம கறுப்பு மண்ணு காந்தத்துல அப்பும், கேட்டியளா."

"தெரியும்க்கா. நானும் புதுக்கடைக்காரன்தான்."

சின்ன வயதில் காகிதத்தில் இந்த மண்ணைப் பரப்பி, அடியில் காந்தத்தை ஓட்டி விளையாடாத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? நானும் விளையாடியவன்தான். ஆனால் படித்தவனுக்கு மீன்காரி சொல்லிக் கொடுப்பதா என்று ஒரு திமிர். துணியால் துடைத்து மூடிவிட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் சக்கரம் இறுகி நின்றது. வண்டியை மையத்துக்குக் கொண்டுவந்து, ஆளில்லாத நேரம் பார்த்துத் திறந்தேன். காந்தங்கள் மேல் கறுப்பு மண் மயிர்போலக் குத்திட்டு நின்றது. கம்பிச் சுருளை அராவித் தின்றிருந்தது. அந்த மாதம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மண்ணைத் தட்டித் துடைத்துவிட்டு, பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் 'அதிகச் சுமை' என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். மீன் விற்கிற பெண் அளவுக்கு மீறித்தான் ஏற்றியிருப்பார் என்பதை எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. மோட்டாரை மாற்றி, வண்டியை நெல்வயல் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றுக்குக் கொடுக்க முடிவாயிற்று.

அக்கா வீட்டில் இருந்த சார்ஜரையும் பெட்டியையும் வாங்கி வர என்னையே அனுப்பினார்கள். சார்ஜரைப் பாலித்தீன் பையில் பொதிந்து வைத்திருந்தார். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அதை நிமிர்த்தி என் முன்னால் வைத்தார்.

"பாரம் கூடிப்போச்சுன்னு கடுதாசி வந்துது சாரே. உள்ள பாருங்க."

பெட்டியின் உட்சுவரில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு. அவர் மகளின் நகப் பூச்சு.

"மொத நாளு ஏலக்காரன் தராசுல பதினெட்டு கிலோ நிறுத்துப் போட்டு வரைஞ்சது. ஐஸும் சேத்துத்தான். ஒரு நாளும் இதுக்கு மேல போட்டதில்ல. வண்டி எனக்கு வேணும்லா?"

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"மண்ணு போயிருந்துதா மக்கா?"

அதுவரை சாரே என்றுதான் கூப்பிட்டிருந்தார்; பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் மக்கா என்றது அப்போதுதான். தலையை ஆட்டியிருந்தாலே போதும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

"சவத்த விடுங்க, போனது போவட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மையத்தின் பராமரிப்புக் கையேட்டில் 'கடற்கரை மணலில் வைத்து மோட்டாரைத் திறக்கக் கூடாது' என்ற வரியை நான்தான் சேர்த்தேன். நல்ல வரி என்று பாராட்டினார்கள். வெட்கக்கேடு.

பால் சங்கத்தில் பெட்டியைப் பொருத்தும்போது அங்கிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன கோடு சார்?"

"தெரியல. ஏதோ கறை" என்றேன்.

அவர் பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். ஒரே துடைப்பில் போய்விட்டது.