காமாட்சிக்கு வீராசாமி என்ன முறை?

போன மாதம் ஒரு புதன்கிழமை. 'காலையில் மழை, பத்து மணிக்கு விட்டது' என்று என் டைரியில் இருக்கிறது. மழை விட்ட கையோடு செல்லையா வந்து சேர்ந்தான்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் அவனுக்கு வேலை. தேயிலை அரைக்கிற இடத்துக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பெயர். இருபத்தாறு வயது. வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தவன், என் வாசலில் குடையைக்கூட மடக்காமல் நின்று சொன்னான்:

"அய்யா, நானும் காமாட்சியும் அண்ணன் தங்கச்சி இல்லேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுக்கணும்ங்க."

எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தபால் வரவில்லை, பெயர் தப்பு, லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுகிறது... இப்படி ஒரு மனு எழுதியதில்லை.

உட்கார வைத்து விசாரித்தேன்.

செல்லையாவின் அப்பா வீராசாமி. காமாட்சியின் அப்பா மாரிமுத்து. இருவரும் ஒரே லயத்தில் மூன்று காம்பரா, அதாவது மூன்று அறை, தள்ளிக் குடியிருக்கிறார்கள். இவர்களுடைய அப்பாக்கள் கூடப் பிறந்தவர்கள், அந்த முறையில் வீராசாமி அண்ணன், மாரிமுத்து தம்பி. தோட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். அண்ணன் பையனும் தம்பி பெண்ணும் கல்யாணம் கட்டுவதா? பேச்சே இல்லை. பேச்சு இல்லாமலே செல்லையாவும் காமாட்சியும் ஒருவர்மேல் ஒருவர் மனசை வைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் மாரிமுத்து அவசரமாக நானுஓயாவில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். இனி வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமை பரிசம் போட வருகிறார்கள்.

"சரிப்பா, நீங்கள் அண்ணன் தங்கச்சி இல்லை என்று உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதாங்க."

"நானா?"

"பிரஜாவுரிமை பாரம் எழுதுனப்ப எங்க தாத்தா ஊரைக் கேட்டு எழுதுனீங்கள்ல. துறையூர்னு எழுதுனீங்க. காமாட்சி வூட்டுக்கு நாமக்கல்னு எழுதுனீங்க. கூடப் பொறந்தவங்களுக்கு எப்படிங்கய்யா ரெண்டு ஊரு?"

அசந்துவிட்டேன். அந்தப் பாரங்கள் எழுதிய காலத்தில் யார் எந்த ஊர், எந்த வழியாக வந்தார்கள் என்பதையெல்லாம் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். என் கெட்ட பழக்கம் அது. எடுத்துப் பார்த்தேன். செல்லையா சொன்னது சரி. தாத்தாக்களின் ஊர் வேறு, அவர்களுடைய தகப்பன் பெயர் வேறு. சாதியிலும் தடை இல்லை. இரண்டு தாத்தாக்களும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிவந்த ஒரே கங்காணியின் ஆட்களாக ஒன்றாக வந்தவர்கள். அவ்வளவுதான் சம்பந்தம்!

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பழைய காகிதங்களைக் கட்டி அழுகிறவன் என்று என்னைக் கேலி செய்யாத ஆள் இந்த ஊரில் இல்லை. இதோ, ஒரு காகிதம் ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்கப் போகிறது! ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாரிமுத்துவின் காம்பராவில் அவர், அவர் மனைவி அங்கம்மா, வீராசாமி மூவரும் இருந்தார்கள். செல்லையாவின் தாய் உயிரோடு இல்லை. காமாட்சி அடுப்படியில். கதவுக்கு வெளியே செல்லையாவின் கால் மட்டும் தெரிந்தது.

தேத்தண்ணி வந்தது. நான் நோட்டைப் பிரித்துப் படித்தேன். ஊர், தகப்பன் பெயர், தகப்பனுக்குத் தகப்பன் பெயர். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் பையனைப் போல நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆகவே நீங்கள் இருவரும் ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள்."

வீராசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாய்யா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க ரெண்டு பேரு அப்பனும் மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழி நடந்து வந்தாங்க. பாதியில எங்கப்பனுக்குப் பேதி. எந்திரிக்க முடியல. இவனப் போட்டுட்டு நடங்கடான்னுட்டான் கங்காணி. அப்ப இவரோட அப்பா என்னா சொன்னாரு? 'இவன் ஏந்தம்பி, கூடப் பொறந்தவன், உட்டுட்டு வர மாட்டேன்'னாரு. எங்கப்பன் ஊருக்காரன் ஒருத்தன் பேரும் தெரியாது அவருக்கு. நேத்துப் பாத்த ஆளு. தோள்ல போட்டுத் தூக்கியாந்தாரு."

பிறகு என் நோட்டைக் காட்டினார்.

"இப்ப நீங்க வந்து அது பொய்யிங்கிறீங்க. அந்தச் சொல்லு பொய்யின்னா எங்கப்பன் அந்தக் காட்டுலயே செத்துருக்கணும். நானும் இல்ல, காமாட்சியும் இல்ல. இவரோட அப்பா செத்தப்ப நான் மொட்ட அடிச்சுத் தீட்டுக் காத்தேன். அதையும் பொய்யின்னு எழுதிக்குங்க."

நோட்டை மூடினேன். உள்ளே காமாட்சி பாத்திரத்தை ஒருமுறை ஓசையாக வைத்தாள். வெளியே தெரிந்த கால் நகர்ந்து போயிற்று.

வாசகர்களே, நாமெல்லாம் ஒன்றை எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம்! பாமர ஜனங்களுக்குச் சரித்திரம் தெரியாது, தேதி தெரியாது. படித்தவன் போய்ச் சொன்னால் கண் திறக்கும் என்று. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒரு சொல்லை ஐம்பது வருடத்துக்கு மேலாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் போனவன் நான் ஒருவன்தான்.

எழுந்து கிளம்பப் போனேன். அப்போதுதான், அதுவரை வாய் திறக்காத அங்கம்மா புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏங்க, காமாட்சி சமஞ்சப்ப குச்சுக் கட்டுனது யாரு?"

மாரிமுத்து திரும்பினார். "எதுக்கு அது இப்ப?"

"சொல்லுங்க. தாய்மாமன் சீரு தலையில வச்சுத் தூக்கியாந்தது யாரு?"

"அண்ணன்தான்."

"நான் பொறந்த எறம்பொடையில எனக்கு நாதி இல்ல. அப்பனும் ஆத்தாளும் போயிட்டாங்க, கூடப் பொறந்தவன் ஒருத்தனும் இல்ல. மாமன் இல்லாத புள்ளன்னு லயத்துல பேசிருவாங்களேன்னு ராவெல்லாம் அழுதேன். மறுநாளு இவரு வந்து, 'நான் இருக்கேன்மா, ஒனக்கு நான் அண்ணன்'னாரு. தப்பு மேளம் அடிச்சு, சீரு எடுத்து, மாமன்னு நின்னாரா இல்லியா? அன்னிக்கு ஒருத்தராச்சும் மொற என்னான்னு கேட்டாங்களா? நீங்க கேட்டீங்களா?"

அங்கம்மா நிறுத்தவில்லை.

"பெரியப்பன் எங்கயாச்சும் தாய்மாமன் சீரு செய்வானா? அப்ப அவரு ஏம் புள்ளைக்கு மாமன். மாமன் மவனக் கட்டுறதுக்கு யாரு வந்து தடுக்குறா?"

"அப்ப நாங்க அண்ணந்தம்பி இல்லியா?" என்று கேட்டார் மாரிமுத்து.

"இருந்துட்டுப் போங்க! யாரு வேணாங்குறா? ஒங்களுக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன். புள்ளைக்கு எந்த வழியில மொற பாக்குறதுன்னு நான் பாத்துக்கிறேன். பெத்தவ நானு."

வீராசாமி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "தங்கச்சி சொல்றது ஞாயம்தான் தம்பி" என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு உறவையும் வைத்துவிட்டார். மாரிமுத்து அவரைப் பார்த்தார். பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"நானுஓயாக்காரங்களுக்கு ஆள் அனுப்பி வரவேணாம்னு சொல்லிருங்கண்ணே."

என் நோட்டால் முடியாததை அங்கம்மா ஒரே ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள். ஒரு தோட்டமே கூடிப் பார்த்த சடங்கு. ஒரே ஆள் பெரியப்பனாகவும் மாமனாகவும் நின்றிருக்கிறார். யாருக்கும் அது உறுத்தவில்லை. உறவு ரத்தத்தில் இருக்கிறது என்று நாம் பேசுகிறோம், எழுதுகிறோம். இவர்களோ கஷ்டம் வரும்போது யார் வந்து நின்றார்களோ அவர்களிடமிருந்து உறவைத் தொடங்குகிறார்கள். கடல் தாண்டி வந்தவர்கள் வேறு எப்படித்தான் பிழைத்திருக்க முடியும்?

கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோவிலில் நடந்தது. முதல் நாளே அங்கம்மா என்னைக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தாள். போய் நின்றால் ஒரு புதுச் சிக்கல். வீராசாமி இப்போது மாப்பிள்ளையின் தகப்பன். அவர் அந்தப் பக்கம் போய்விட்டால் பெண்ணுக்கு மாமனாக யார் நிற்பது? லயத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கம்மா ஒரு மாலையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அதுவரை என்னை 'அய்யா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"அண்ணே, வாங்க. ஒங்க மருமவளுக்கு மாலையப் போடுங்க."

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஐம்பத்திரண்டு வயது வரை என்னை யாரும் அந்தக் குரலில் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. மாலையைக் கோணலாகத்தான் போட்டேன். காமாட்சி சிரித்துக்கொண்டே நேராக்கிக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு குரல், "எழுத்துக்கார மாமனுக்குப் பேனாதான் நேராப் புடிக்கத் தெரியும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்த நிமிஷத்துக்காக அந்தக் குடும்பத்துக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும் செல்லையா ஜன்னலோரம் ஓடிவந்தான். "மாமா, தலைத் தீபாவளிக்கு மாமன் வூட்டு வேட்டி உண்டும்ல?"

மாப்பிள்ளைக்கு எட்டு முழமா எடுப்பது, நான்கு முழமா? எனக்கு இதில் அனுபவம் போதாது. தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.