புஷ்பம் அக்கா ஊற்றிய பிளீச்சிங் பவுடர்

கீழ் கோத்தகிரிப் பக்கம் எண்பது லய வீடுகள் உள்ள தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் பதினோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். சேர்ந்து ஆறு வருஷம் ஆன பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டைத் திறந்தால், காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் முழுக்க வெள்ளை நுரை. எப்போதும் டிகாஷன் நிறத்தில் இருக்கும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஜாடியில் ஒரு லிட்டர் பிடித்து அரைமணி நேரம் வைத்துப் பார்த்தேன். ஸ்லட்ஜ் என்கிற சேறு அடியில் படியவே இல்லை. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போயிருந்தன. பிளான்ட்டில் வேலை செய்வதே அவைதான். நான் அவற்றுக்குக் காற்று போடுகிற ஆள்.

எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ. சாருக்கு போன் போட்டேன். அவர் சொன்னார்:

"ஓடைக்கு ஒரு சொட்டு போகக்கூடாதுய்யா. கீழ் ஊர்ல மாடெல்லாம் அதைத்தான் குடிக்குது."

சுத்தமான தண்ணீர் வெளியே போகும் ஓடை வால்வை மூடி, தண்ணீரைப் பின்னாலிருந்த குட்டைக்குத் திருப்பினேன். குட்டை எட்டு நாள் தாங்கும். அதற்கு மேல் போக்கிடம் இல்லை.

யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டதற்கு எல்லோரும் இல்லையென்றார்கள். குழாயடியில் நின்று, ஆள் தெரிந்தால் மேலே எழுதிப் போடுவேன் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் புஷ்பம் அக்கா கேட்டருகே வந்து நின்றார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, இங்கே கொழுந்து பறிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வந்தார்களாம். வீட்டுக்குப் பின்னால் மேன்ஹோல் நாறுகிறதே என்று, முந்தின சாயங்காலம் அரை மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதில் ஊற்றியிருக்கிறார்.

"வந்தவங்க லயமே நாறுதுன்னு நெனச்சிடக் கூடாதுன்னுதான் தம்பி ஊத்தினேன். நீங்களும் நாளெல்லாம் அந்த நாத்தத்துலதானே நிக்கிறீங்க. உங்களுக்கும் நல்லதுன்னு இருந்தேன்."

உள்ளே கூட்டிப்போய் டேங்க்கைக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இதில் இருந்தன, அவைதான் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன என்றேன். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இத்தனை வருசம் இங்கதான் இருக்கேன். இதை யாருமே சொல்லலையே தம்பி."

குன்னூர் ஹோட்டல் ஒன்றின் பிளான்ட்டில் கேட்டு, ஏ.இ. சார் ஒரு டேங்கர் உயிருள்ள நல்ல ஸ்லட்ஜ் அனுப்பிவைத்தார். அதோடு சாணியும் கரைத்து விட்டால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அடுத்த நாளிலிருந்து, வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு வாளி சாணிக்கரைசல் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் அவரோடு இன்னும் நாலு பெண்கள் வாளியோடு வந்தார்கள். குளிரும் சாரலுமாக இருந்த வாரம் அது. ஒருவரும் ஒருநாளும் தவறவில்லை.

தண்ணீரைக் குட்டைக்குத் திருப்பிய ஏழாம் நாள் ஜாடியில் ஸ்லட்ஜ் படிந்தது, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொழச்சிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளுக்கு அந்த இடமே முடிவாகிவிட்டதையும் அப்போதுதான் சொன்னார். அன்று மதியம் ஓடை வால்வைத் திறந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். புளோயரையும் பம்ப்பையும் பிறகு படித்துக்கொள்ளலாம். முதல் வாரமே வீடு வீடாகப் போய், அவர்கள் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமலேயே நான் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.